போடிமெட்டு – மூணாறு சாலை: அகலமாக்கிவிட்டோம், வண்டிகள் நிற்பது எங்கே?

கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85-இல், மூணாறுக்கும் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள போடிமெட்டுக்கும் நடுவே உள்ள ஏறத்தாழ 42 கிலோமீட்டர் பாதை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 2017-இல் தொடங்கிய வேலை அது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஓரங்கட்டி நின்றாக வேண்டும் என்றிருந்த மலைப்பாதை, இன்று இருபக்கமும் தார் போட்ட ஓரப்பட்டையோடு வழவழவென்று கிடக்கிறது. தேவிகுளம், கேப் ரோடு, பெரியகானல், ஆனையிறங்கல் அணை, பூப்பாறை என்று போகும் இந்தப் பாதையின் படங்கள் இணையத்தில் பரவியதிலிருந்து ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் மூணாறைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ரோட்டில் போனார்கள். இப்போது இந்த ரோட்டைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

கிராமப்புறச் சாலை ஒன்றைப் பாதுகாப்பானதாக மாற்றுவது எப்படி, உல்லாசப் பயணிகளின் கூட்டம் பெருகும்போது அதே சாலை என்ன ஆகிறது என்ற கேள்விக்கு, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல பாடம் இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சாலை போடும்போது வண்டி ஓடுவதை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறோம். ஆனால் சுற்றுலாப் பயணியின் வண்டி அடிக்கடி நிற்கும் வண்டி. உள்ளூர்க்காரர் அதே ரோட்டின் ஓரமாக நடந்து போகிறவர், ஜீப்புக்குக் காத்து நிற்கிறவர். நிற்பதற்கும் நடப்பதற்கும் இடம் ஒதுக்காமல் ஓடுவதற்கு மட்டும் இடத்தைப் பெருக்கினால், பழைய ஆபத்து போய்ப் புதிய ஆபத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது யாருடைய ரோடு?

மூணாறுக்கும் போடிக்கும் உள்ள உறவு சுற்றுலாவால் வந்ததல்ல. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட காலத்தில், குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிக்கு வரும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. அதற்குப் பிறகு ரோடுதான் எல்லாம்.

இன்றும் விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். சாயங்காலம் திரும்பி இறங்கும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கும் கைகளில் பாதிக்கு மேல் கீழேயிருந்து போகும் கைகள் என்று போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் சொல்கிறதோ, அதைவிட மிக அதிகமான பேர் அதில் இருப்பார்கள். சரியான பேருந்து வசதி அந்த நேரத்துக்குக் கிடையாது, கூலிக்குள் கட்டுப்படியாகும் வேறு வண்டியும் கிடையாது. அவர்களுக்கு இது காட்சி பார்க்கும் ரோடு இல்லை, தினமும் இரண்டு தடவை கடந்தே தீர வேண்டிய ரோடு.

அப்புறம் காய்கறி வண்டிகள், தேயிலை லாரிகள், தேவிகுளம், மூணாறு பள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போகிற எஸ்டேட் குடும்பங்கள். இவர்கள் எல்லோருக்கும் ரோடு அகலமானதில் உண்மையான நன்மை இருக்கிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும் ஆம்புலன்ஸ், எதிரே வந்த பேருந்து பின்னால் எடுக்கும் வரை காத்து நின்ற காலம் ஒன்று உண்டு. அகலப்படுத்தியதே தவறு என்று சொல்கிறவர்கள் அந்தக் காத்திருப்பை அனுபவித்திருக்க மாட்டார்கள்.

சுற்றுலாக் கூட்டம் இதன் மேல் வந்து சேர்ந்தது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் மூடப்பட்டபோது ரயிலை இழந்த போடிக்கு, 2023 ஜூனில் அகல ரயில்பாதையில் ரயில் திரும்பி வந்தது. சென்னையிலிருந்து ராத்திரி ஏறினால் காலையில் மலையடிவாரம். மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கமிருந்து சொந்தக் காரில் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் இந்த மலைக்கு வரும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மலையை வெட்டியதற்குக் கொடுத்த விலை

அகலப்படுத்தும் வேலையில் மிகக் கடினமான இடம் தேவிகுளத்துக்கும் பெரியகானலுக்கும் நடுவே உள்ள கேப் ரோடு. ஒரு பக்கம் நெட்டுக்குத்தான பாறை, மறுபக்கம் பைசன்வாலி பள்ளத்தாக்கு. அங்கே பாறையை உடைத்துத்தான் ரோட்டுக்கு இடம் எடுக்க வேண்டியிருந்தது. 2019 ஜூலை, அக்டோபர், மறுபடி 2020 ஜூன் என்று அடுத்தடுத்துப் பெரிய சரிவுகள் வந்தன. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். கீழே இருந்த விவசாய நிலங்கள் பாறைக்கும் மண்ணுக்கும் அடியில் போயின. மாதக்கணக்கில் பாதை அடைபட்டது.

மலைச்சரிவு ஒன்று பல நூறு வருஷம் மழையில் நனைந்து, காய்ந்து, மண்ணும் பாறையும் வேரும் சேர்ந்து ஒரு சாய்வுக்கு வந்து நின்றிருக்கும். அதன் அடிப்பகுதியை வெட்டினால் மேலே உள்ள கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பகுதி போய்விடுகிறது. வெடி வைத்தால் வெடித்த இடம் மட்டுமின்றி உள்ளே உள்ள விரிசல்களும் அகலமாகின்றன. அடுத்த மழையில் தண்ணீர் அந்த விரிசல்களுக்குள் இறங்கி, பாறைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. வெட்டிய அன்று உறுதியாகத் தெரியும் சுவர், மூன்றாவது மழைக்காலத்தில் சரிவது இதனால்தான். இமாச்சலப் பிரதேசத்தில் பர்வானூ–சோலன் சாலையை நான்குவழியாக்க மலையை நெட்டுக்குத்தாக வெட்டிய பிறகு, 2023 மழையில் சக்கி மோடு என்ற இடத்தில் ரோடே உட்கார்ந்து போனதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூணாறு மலைகளின் மழை எப்படிப்பட்டது என்று தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்தோம். அதற்கும் சாலைக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மழை பெய்கிற மலையில்தான் நாம் பாறையை வெட்டி ரோடு போடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே மலைச்சாலையில் அகலம் என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும். இடம் கொடுக்கும் இடத்தில் ஏழு மீட்டர் போடலாம். பாறை நெருக்கும் இடத்தில் ஐந்தரை மீட்டரோடு நிறுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் எதிர் வண்டி தெரியும்படி ஒதுங்குமிடம் விட்டால் போதும். இருநூறு மீட்டர் தூரத்துக்கு வண்டிகள் மெதுவாகப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

வேகமும் நிற்பதும்

கேப் ரோட்டின் வளைவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பனிமூட்டம் விலகியதும் கீழே பள்ளத்தாக்கு திறந்து தெரியும். முதல் கார் நிற்கும். கதவு திறக்கும், குழந்தைகள் இறங்குவார்கள், ஒருவர் படமெடுக்க ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடுவார். அதைப் பார்த்து அடுத்த கார் நிற்கும். பைக்குகள் நாலு வந்து சேரும். நிறைய வண்டி நிற்கும் இடத்தில் வியாபாரம் வரும். அவித்த மக்காச்சோளம், கேரட், ஆம்லெட் என்று தள்ளுவண்டிகள் வரும். பத்தே நிமிஷத்தில், ஓடும் வண்டி தடம் தவறினால் தப்பிக்க என்று விட்ட ஓரப்பட்டை கார் நிறுத்துமிடமாகிவிடும். நடந்து போகிறவர் ரோட்டின் நடுவுக்குத் தள்ளப்படுவார்.

இப்போது வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வருகிறது. அதன் ஓட்டுநருக்கு ஆள் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்கும் வரை எவ்வளவு தூரம் ஓடும்? சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்குப்படி 30 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர், 40 கி.மீ. வேகத்தில் 45 மீட்டர், 60 கி.மீ. வேகத்தில் 80 மீட்டர் வேண்டும். சமதளத்துக்கான கணக்கு இது. இறக்கத்தில், ஈர ரோட்டில் இன்னும் கூடும். மலை வளைவில் பாறை மறைக்கும்போது 80 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம்.

பழைய குறுகலான ரோட்டில் யாரும் 60-இல் போனதில்லை, போகவும் முடியாது. குண்டும் குழியும் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தன. வழவழப்பான ரோடு அந்தப் பிடியை விட்டுவிட்டது. ஓட்டுநர்கள் பலகையில் எழுதிய வேகத்தைப் பார்த்து ஓட்டுவதில்லை. ரோடு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அதைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அகலம் பெருகியதும் வேகம் பெருகியது, வளைவுக்கு அப்பால் தெரியும் தூரம் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. இந்தச் சாலையின் இன்றைய ஆபத்தை இந்த ஒரே வரியில் அடக்கிவிடலாம்.

2024 கோடையில் கேப் ரோட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓடும் காரின் ஜன்னல் வழியாகவும் மேற்கூரைத் திறப்பு வழியாகவும் உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு போனவர்களின் காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கேரள மோட்டார் வாகனத் துறை ஓட்டுநர் உரிமங்களை நிறுத்திவைத்தது. தண்டனை சரிதான். ஆனால் அதே இளைஞர்கள் அதே காரில் பழைய ரோட்டில் அப்படிப் போயிருக்க மாட்டார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ரோடு கொடுக்கும் தைரியம் என்று ஒன்று இருக்கிறது.

இறக்கத்தின் கணக்கு

மூணாறிலிருந்து போடிக்குத் திரும்புகிறவரின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் இன்னொரு சிக்கல் தெரியும். அவர் 42 கிலோமீட்டர் அகலமான ரோட்டில் ஓட்டிக்கொண்டு போடிமெட்டு வருகிறார். கை, கால், கண் எல்லாம் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும். எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பக்க மலைப்பாதை. அகலம் குறைவு, 17 கொண்டை ஊசி வளைவுகள், புலியூத்து அருவியைத் தாண்டி முந்தல் வரை விடாத இறக்கம். மேலிருந்து கீழே ஆயிரம் மீட்டருக்குக் கிட்ட உயர வித்தியாசம். ஒரு நெடுஞ்சாலையின் குணம் திடீரென்று மாறும் இடத்தில் விபத்து நடப்பது உலகெங்கும் உள்ள அனுபவம். இங்கே அந்த மாற்றம், இருப்பதிலேயே கடினமான இறக்கத்தின் தலைப்பில் நடக்கிறது.

இறக்கத்தில் பிரேக் ஏன் தோற்றுப்போகிறது என்று பலருக்கும் சரியாகத் தெரிவதில்லை. ஒன்றரை டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது, அது உயரத்தில் இருந்ததால் பெற்றிருந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். குடம் குடமாக 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 15 டன் பேருந்து என்றால் 40 யூனிட். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால், இந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக் கட்டைகளுக்குள் போகிறது. கட்டை கொதித்ததும் பிடிமானம் குறைகிறது, பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரை தட்டும். பிரேக் ஃபெயிலியர் என்று செய்தியில் வருவதில் பலவும் பழுதான பிரேக்கால் வருவதில்லை, சூடேறிய பிரேக்கால் வருகிறது.

செகண்ட் கியரிலோ முதல் கியரிலோ போட்டு இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம். சமவெளி ஓட்டுநருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் வந்த பிறகு இறக்கத்தில் கியர் குறைக்கலாம் என்பதே தெரியாத தலைமுறை ஒன்று ஓட்டுகிறது. உரிமம் வாங்கும் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறோம், இறக்கத்தில் கியர் பிடிக்கச் சொல்வதில்லை.

2023 ஏப்ரலில், திருநெல்வேலிப் பக்கமிருந்து மூணாறுக்குக் கல்யாணத்துக்குப் போன வேன் ஒன்று பூப்பாறைக்கு அருகே தொண்டிமலையில் பள்ளத்தில் விழுந்தது. குழந்தையும் இறந்தவர்களில் உண்டு. அதே 2023 செப்டம்பரில் குன்னூர் மரப்பாலத்தில், தென்காசி மாவட்டத்திலிருந்து ஊட்டி பார்க்கப் போய்த் திரும்பிய பேருந்து பள்ளத்தில் பாய்ந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து. மூன்றிலும் மலை வேறு, ரோடு வேறு. மூன்றும் வளைவுகளில் நடந்தவை. இவற்றை ஓட்டுநரின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். மனிதர் தவறு செய்வார், அதற்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் பாதுகாப்பான சாலை அமைப்பின் அடிப்படை. வளைவின் வெளிப்பக்கத்தில் வண்டியைத் தாங்கும் தடுப்பு இருந்தால் அதே தவறு நசுங்கிய பம்பரோடு முடிந்துபோகும்.

இரவும் யானையும்

ஆனையிறங்கலும் சின்னக்கானலும் யானைகளின் வீடு. அரிக்கொம்பன் கதை தேனி மாவட்டத்துக்குள்ளும் வந்ததால் நம்மில் பலருக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பெரியாறுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது, மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது, ஜூனில் களக்காடு முண்டந்துறைக்குப் போனது. அதே மே மாதத்தில் இந்த நெடுஞ்சாலையில், பூப்பாறைக்குப் பக்கத்தில், சக்கைக்கொம்பன் என்ற இன்னொரு கொம்பனின் மேல் இரவில் ஒரு கார் மோதியது. காரில் இருந்தவர்கள் காயம்பட்டார்கள்.

யானை மேல் மோதும் அளவுக்கு ஒரு காருக்கு வேகம் இருந்தது, அவ்வளவு பெரிய உருவம் கண்ணில் படவில்லை என்றால், ஏலத்தோட்டத்திலிருந்து கறுப்புக் குடையோடு வீடு திரும்பும் ஒரு அம்மாவின் நிலை என்ன? காட்டோரச் சாலையில் இரவு வேகத்தைக் குறைப்பது யானைக்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம். யானைத் தடத்தில் 30 கி.மீ. வேகம் என்று வைத்தால் அதில் மனிதரும் பிழைப்பார்கள். சாலை விளக்கு நிறையப் போடுவது இதற்குத் தீர்வல்ல, அது யானைகளை வேறு இடத்தில் ரோட்டைக் கடக்க வைக்கும். ரோட்டின் ஓரத்தில் ஒளியைத் திருப்பித் தரும் குச்சிகள், வளைவுக்கு முன்னால் தடதடக்கும் வெள்ளைப் பட்டைகள் இவையே அதிகப் பயன் தரும்.

என்ன செய்யலாம்

முதலில் நிற்க இடம். கேப் ரோட்டில் மக்கள் நிற்பார்கள், எந்தப் பலகையும் அதைத் தடுக்காது. நிற்கக் கூடாது என்று எழுதிவைப்பதற்குப் பதில், நேரான பகுதியில், இரண்டு பக்கமும் தொலைவில் தெரியும் இடமாகப் பார்த்து, ரோட்டை விட்டு விலகிய நிறுத்துமிடங்கள் கட்ட வேண்டும். ஒரே பெரிய நிறுத்துமிடம் வேண்டாம், அதற்கு மறுபடி மலையை வெட்ட வேண்டியிருக்கும். பழைய ரோட்டின் விடுபட்ட வளைவுகள், பாறை உடைத்தபோது உண்டான மேடைகள் ஆங்காங்கே கிடக்கும். அவற்றில் ஐந்து, பத்து கார் நிற்கும்படி சிறுசிறு இடங்கள். அங்கேயே கழிப்பறை. பெண்கள் இந்த வழியில் எத்தனை மணி நேரம் அடக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் யாராவது கேட்டிருக்கிறார்களா? தள்ளுவண்டிக்காரர்களையும் அங்கேயே உட்கார வைக்கலாம். அவர்களை அடித்து விரட்டினால் இரண்டு வளைவு தள்ளிப் போய்க் கடை போடுவார்கள். நல்ல இடத்தில் உட்கார வைத்தால், கார்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்துத் தருவார்கள். கடை இருக்கும் இடத்தில் கார் நிற்கும், இதைவிட நம்பகமான போக்குவரத்து விதி இல்லை.

நிறுத்துமிடம் கட்டிய பிறகு, மற்ற வளைவுகளின் ஓரப்பட்டையில் உயரமான கல்வரிசை வைத்து அதை நடைபாதையாக ஒதுக்க வேண்டும். பூப்பாறை, பெரியகானல், தேவிகுளம் போன்ற ஊர்களுக்குள் நுழையும் முன் ரோடு கண்ணுக்கே குறுகலாகத் தெரிய வேண்டும், மேடான கடவுப்பாதை வேண்டும். ஜீப்புக்குக் காத்து நிற்கும் இடங்களில் கூரை வேண்டும். விடிகாலையில், பனியில், ரோட்டின் விளிம்பில் கூட்டமாக நிற்கும் பெண்களுக்கு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி ஒரு நிழற்குடை என்பது பெரிய செலவு கிடையாது.

இரண்டாவது, வேகம். இங்கிலாந்தில் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் பக்ஸ்டனுக்கும் நடுவே 'கேட் அண்ட் ஃபிடில்' என்று பெயர்பெற்ற மலைச்சாலை ஒன்று இருக்கிறது. வளைவுகளுக்காகவே பைக் ஓட்டிகள் தேடி வரும் ரோடு, அதனாலேயே விபத்துக்குப் பேர் போனது. 2010-இல் அங்கே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வைத்தார்கள். ஒரு இடத்தில் வேகத்தைப் பிடிக்கும் கேமராவுக்கு முன் பிரேக் போட்டு, தாண்டியதும் பறப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். சராசரி வேகம் என்றால் இந்த முனையில் நுழைந்த நேரத்தையும் அந்த முனையில் வெளியேறிய நேரத்தையும் வைத்துக் கணக்கிடுவது. நடுவில் ஏமாற்ற முடியாது. நம் சாலையில் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் லாக்காட்டில் சுங்கச்சாவடி இருக்கிறது, போடிமெட்டில் சோதனைச்சாவடி இருக்கிறது. இரண்டு முனைகளும் ஏற்கெனவே ஆளோடு நிற்கின்றன. கேமராவும் கணக்கும்தான் பாக்கி.

மூன்றாவது, போடிமெட்டில் இறக்கம் தொடங்கும் முன் கட்டாயமாக ஐந்து நிமிஷம் நிற்கும் இடம். வேன், பேருந்து, வெளியூர்க் கார் எல்லாம் அங்கே நின்று பிரேக் ஆறட்டும். டீ குடிக்கட்டும். கியரைப் பற்றி நான்கு வரி தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், சாவடியில் இருப்பவர் வாயாலும் சொல்லட்டும். இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளில் உள்ள சட்டம். அது நல்லொழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களே அதிகம். தமிழ்நாட்டுப் பக்க வளைவுகளைப் பொறுத்தவரை, கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர், இரண்டு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி என்று அளவுகோல் இருக்கிறது. பழைய மலைப்பாதைகளில் எல்லா வளைவும் அதற்கு ஒத்துவராது, காட்டை வெட்டி ஒத்துவரச் செய்யவும் வேண்டாம். வளைவின் முனையை மட்டும் சற்று அகலமாக்கி, வெளிப்பக்கம் தாங்கும் தடுப்பு வைத்து, எதிர் வண்டி தெரியக் குவிந்த கண்ணாடி மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. உருளைகள் வைத்த தடுப்புகள் மோதும் வண்டியைச் சுழற்றித் திருப்பி ரோட்டுக்கே தள்ளும். விலை கூடுதல்தான், எல்லா மீட்டருக்கும் வேண்டியதில்லை, விபத்து நடந்த வளைவுகளில் வைத்தால் போதும்.

வண்டிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். வியாபாரிகளுக்குக் கோபம் இருந்தது, அது நியாயமான கோபமும்கூட. எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன் ஆட்களைக் குறைக்காமல் வண்டிகளைக் குறைக்க முயல வேண்டும் என்பதே என் எண்ணம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2025 பிப்ரவரியிலிருந்து மூணாறில் கண்ணாடிக் கூரை போட்ட இரட்டை மாடிப் பேருந்தை ஆனையிறங்கல் வரை ஓட்டுகிறது. ஒரு தடவைக்கு 50 பேர் வரை போகலாம். 50 பேர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று கார்கள். அந்தக் கார்கள் கேப் ரோட்டின் வளைவில் நிற்காது, அந்த ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டே ஸ்டியரிங் பிடிக்க மாட்டார்கள். இதையே போடி ரயில் நிலையத்திலிருந்து தொடங்கினால் என்ன? காலையில் ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு, மலை ஓட்டிப் பழகிய ஓட்டுநரோடு இரண்டு மாநிலமும் சேர்ந்து விடும் சிறு பேருந்துகள். அதே பேருந்துகள் விடிகாலையில் ஏலத்தோட்டப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வரலாம். நெரிந்து போகும் ஜீப்புக்கு மாற்று வேண்டும் என்று எத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

இதில் நடுவில் நிற்பது எல்லைக்கோடு. ரோடு ஒன்று, மாநிலம் இரண்டு. மூணாறில் கன மழை என்றால் இடுக்கி நிர்வாகம் கேப் ரோட்டில் இரவுப் பயணத்தை நிறுத்துகிறது. அந்தச் செய்தி முந்தலில் மலையேறத் தயாராக நிற்கும் தென்காசி வேனுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் போடிமெட்டு வரை ஏறிவிட்டுத் திரும்புகிறவர், இரவில், மழையில், பழக்கமில்லாத 17 வளைவுகளில் இறங்குகிறார். அடிவாரத்தில் ஒரு பலகையும் ஒரு தொலைபேசித் தொடர்பும் போதும், அதற்கு எந்த ஒப்பந்தப்புள்ளியும் தேவையில்லை.

வெட்டிய பாறைகளைக் கண்காணிப்பதும், மழைக்கு முன் ரோட்டோர வாய்க்கால்களையும் சிறுபாலங்களையும் தூர்வாருவதும் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் எப்போதும் பின்னுக்குப் போகிறது. ரோட்டு மேல் தண்ணீர் ஓடினால் தார் போவதோடு முடிவதில்லை, ரோட்டுக்கு அடியில் உள்ள நிரப்பு மண்ணும் சேர்ந்து போகிறது.

இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு நாள் குறித்தே இருக்கிறது. இந்த மலைகளில் நீலக்குறிஞ்சி கூட்டமாகப் பூத்தது 2018-இல். அந்த வருஷம் ஆகஸ்டு வெள்ளம் வந்து, வர நினைத்தவர்களில் பலரை வரவிடவில்லை. அடுத்தது 2030. அன்று போடியில் ரயில் இருக்கும், மேலே அகலமான ரோடு இருக்கும், எல்லோர் கையிலும் கேமரா இருக்கும். நிறுத்துமிடங்களுக்கு இடம் தேடி அளப்பதை இந்த வறண்ட மாதங்களிலேயே தொடங்கினால்தான், இடையில் வரும் மழைக்காலங்கள் போக, கட்டி முடிக்கக் காலம் இருக்கும்.